மேற்கு வாசல் வழியே வராத பிள்ளை

அன்புள்ள நைனாவுக்கு,

பதினொரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் முடியாது. வீட்டில் உன்னை நீ என்றுதான் கூப்பிட்டோம். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக இப்போது நீங்கள் என்று மாற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. கீழ்பென்னாத்தூர் வீட்டில் உன் அறையில் இப்போது தம்பி உர மூட்டை அடுக்கியிருக்கிறான். மேற்குக் கொல்லையில் இந்த முறை மல்லாட்டை சுமார்தான், வேர்க்கடலை விலையும் அப்படித்தான். என் பெண் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் வேங்கிக்கால் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிறேன், வருகிறேன், வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். அடுத்த மாதம் உனக்குத் தலைத் திவசம்.

அந்தத் திவசத்தில் யார் உட்காருவது என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நீ செத்த அன்று நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது. மூத்த மகன் என்று நாவிதர் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். மீசையை எடுத்தார், தலையை எடுத்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து கொள்ளிச் சட்டிக்குக் கை நீட்டினேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சட்டியைத் தம்பி கையில் கொடுத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. காரணம் கேட்டதற்கு, முந்தின நாள் நீ சொன்னதை அப்படியே சொன்னார்.

"பெரியவன் கையில கொள்ளி குடுக்காதீங்க. அவன மீக்கல."

கல்லூரியில் மொட்டைத் தலையோடு நின்றவனைப் பார்த்து, அப்பாவுக்கு நீங்கள்தானே கொள்ளி வைத்தீர்கள் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முடி வளர்ந்து சீவும் அளவுக்கு வரும்வரை அந்தப் பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மீட்கவில்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்த கதைதான் அது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் ஆற்றங்கரை மாதா கோயிலில் என்னைக் கொண்டுபோய் விட்டீர்கள். நம் பக்கத்தில் கும்பிடுகிற சாமி எதுவாக இருந்தாலும், பிள்ளை தங்காத வீட்டுக்காரர்கள் அங்கே போவது வழக்கம். பீடத்துக்கு முன்னால் இருக்கிற கருங்கல் படியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, இது உன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு தாய்மாமன் வந்து ஒரு படி உப்பைக் கொட்டி, பிள்ளையை மாதாவிடமிருந்து கேட்டு வாங்கி, மேற்கு வாசல் வழியாக வெளியே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் அது மறுபடியும் நம் வீட்டுப் பிள்ளை. கொடுத்தவனே திருப்பி எடுக்கக் கூடாது.

நீ எடுத்துவிட்டாய். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு, வந்த வடக்கு வாசல் வழியாகவே வெளியேறி பஸ் ஏறிவிட்டாய். அவசரம், கோபம், மச்சான் மீது எரிச்சல் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா சாகும்வரை, மறுபடியும் ஒரு தடவை போய்ச் சடங்கை முடித்துவிட்டு வரலாம் என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ பதில் சொன்னதில்லை.

அதன் பிறகு நீ என்னை வளர்த்த விதம் ஒன்று இருக்கிறதே. நான் வைக்கோல் போரைக் கொளுத்திய அன்று, புளியமிளாறை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தாய். என் முன்னால் நின்றாய். கை இறங்கிவிட்டது. "போய் அங்க உக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தம்பியை விளாசினாய். அடி வாங்கிய அவன் ராத்திரி உன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினான். ஒரு நாளாவது நீ என்னை அடிக்க மாட்டாயா என்று நான் ஏங்கியிருக்கிறேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

விருந்தாளிகள் வந்தால் தம்பியைக் காட்டி, இவன் என் பையன் என்பாய். என்னைக் காட்டி, "இது மாதா வூட்டுப் புள்ள. எங்ககிட்ட வளருது" என்பாய். வளர்கிறான் என்றுகூட இல்லை. வளருது.

விடுதிப் பள்ளியில் சேர்த்தாய். மாதம் ஒரு முறை வந்தாய். வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனாய். ஜன்னல் வழியாக உன் முதுகைப் பார்த்திருக்கிறேன். எம்.ஏ. படித்தேன், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன். கண்ணீர் அஞ்சலி பேனரில் என் பெயரைப் பட்டத்தோடு முதலில் போட்டிருந்தார்கள். பேனரில் மகனாக இருப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

போன மாதம் தம்பி போன் செய்தான். அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் கிடைக்காததெல்லாம் அவனுக்குக் கிடைத்தது என்பதைத் தவிர அவன்மேல் எனக்கு வேறு குறையும் இல்லை.

"அண்ணா, மாமாவ இட்டுனு போய் அந்த மீக்கறத முடிச்சினு வந்துடேன். திவசத்துல நீயே உக்காரு. சித்தப்பாகிட்ட நான் பேசிட்டேன், அவரும் சரின்னுட்டாரு."

ஐம்பத்து நாலு வயதில் என்னை மீட்பதற்கு, எழுபத்தொன்பது வயது மாமாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நம்பிக்கை இருந்ததால் அல்ல. உன் வார்த்தையை உன் விதிப்படியே பொய்யாக்கிவிட்டு, அந்தப் பந்தலில் எல்லோர் முன்னாலும் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் பக்தி.

பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம், இல்லாவிட்டால் திருவண்ணாமலையில் பஸ்ஸுக்குள் கால் வைக்க முடியாது. மாமா மடியில் ஒரு படி கல்லுப்பை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழி முழுக்க அந்த டீயைப் பற்றித்தான் பேச்சு.

"ஒரு டீ குடிக்கப் போனேன்டா. அது ஒரு கொலக் குத்தமா? ஒங்க வூட்டு வாசப்படி ஏறினா ஒங்கம்மா மொதல்ல கேக்கறது, டீ குடிக்கிறியான்னுதான். குத்திக் காட்டறதுக்குன்னே போட்டுக் குடுப்பா."

அதனால் டீயை விட்டுவிட்டீர்களா மாமா என்று கேட்டேன். ஜாஸ்திதான் ஆயிற்று என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது, எனக்கு அது பிழைப்பு.

அந்தக் கோயில் உனக்குத் தெரியும். ஆனால் அதன் கதையை நீ எந்த அளவுக்குக் கேட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கனத்த சுவர். வெளியே கொடிமரம், அதன் அடியில் உப்பும் மிளகும். உள்ளே மர மாதா, பட்டுப்புடவை கட்டி நிற்கிறாள். முந்நூறு வருஷம் என்கிறார்கள், அதற்கும் மேலே என்கிறார்கள். எனக்குத் தெரிந்து எழுத்துச் சான்று எதுவும் இல்லை. கோயில்பிள்ளை அருளப்பன், விளக்கேற்றி மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், எங்களுக்குக் கதையைச் சொன்னார். எழுபது இருக்கும் அவருக்கு. அவருடைய அப்பாவும் அங்கேயே கோயில்பிள்ளையாக இருந்தவராம்.

பஞ்ச காலத்தில், காவி கட்டி மரக்கறி சாப்பிட்ட ஒரு வெளிநாட்டுச் சாமியார், இந்த மாதாவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். ஆற்று மணலில் அச்சு முறிந்துவிட்டது. கரையில் இருந்த ஒரு நெசவாளி வீட்டில் மாதாவை இறக்கி வைத்து, நான் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவே இல்லை. நவாபின் குதிரைப்படை அந்தப் பக்கம் வந்தபோது கிணற்றில் இறக்கி மறைத்தார்கள். இடுப்புக்குக் கீழே மரம் கறுத்திருப்பது அதனால்தான். பிறகு ஊரில் பேதி வந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு மூச்சு அடங்கிப்போன மாதிரி இருந்தது. தாய்க்காரி அதைத் தூக்கி மாதாவின் காலடியில் போட்டு, எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று கத்தினாள். குழந்தை காலை உதைத்தது. ஆனால் கொடுத்ததை எப்படித் திருப்பி எடுப்பது? அவளுடைய அண்ணன் பக்கத்து ஊரிலிருந்து தலையில் சுமந்து வந்த உப்பில் ஒரு படியை மாதாவின் முன் வைத்து, என் தங்கச்சி பிள்ளையை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கினான். ஒரு படி உப்பு என்ற கணக்கு அன்று வந்ததுதான்.

வகுப்பில் ஒரு மாணவன் இதை எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். ஆனால் பீடத்து முன்னால் இருக்கிற அந்தக் கல்படி நிஜம். நடுவில் தொட்டில் மாதிரி குழிந்திருக்கிறது. எத்தனை பிள்ளைகளைக் கிடத்தினால் கருங்கல் அப்படித் தேயும்?

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அருளப்பன் எந்த ஊர் என்று கேட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்றேன். உன் பெயரைக் கேட்டார், சொன்னேன். அவர் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள நீங்கதானா சார்?"

நைனா, வருஷம் தவறாமல் மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும் நீ அங்கே போயிருக்கிறாய். எங்கள் யாருக்கும் தெரியாது. மூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கடைசித் தூண் பக்கத்தில் நிற்பாயாம். கிட்டே வர மாட்டாயாம். பிள்ளையை மீட்க வந்தீர்களா, மாமன் வராவிட்டாலும் பரவாயில்லை, நானே தூக்கிக் கொடுக்கிறேன் என்று அருளப்பன் கேட்பாராம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே, மாமன் இல்லாத பிள்ளைகளைக் கோயில்பிள்ளைதான் தூக்கிக் கொடுப்பாராம். அவ்வளவு சுலபம். நீ வேண்டாம் என்று கையை ஆட்டுவாயாம். ஒரு தடவைதான் காரணம் சொன்னாயாம். அதை அவர் உன் குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்.

"மீட்டுனு போன ரெண்டும் போச்சு. இது அவ புள்ளயாவே இருக்கட்டும். அவ புள்ளன்னா அவ பாத்துப்பா. நம்மளுதுன்னு ஆயிட்டா அவளுக்கு இன்னா வந்துது?"

என் அக்காவும் அண்ணனும் அங்கே கிடத்தப்பட்டவர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முறைப்படி மீட்டுக்கொண்டு போய், வருஷம் திரும்புவதற்குள் இரண்டையும் மண்ணில் வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது முறை, மாமா டீக்குப் போன நேரம் பார்த்து, வேண்டுமென்றே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய்.

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டயும் நான்தான்டா தூக்கினேன்" என்றார். "இந்தக் கையாலதான்."

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியாக நீ போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோல் ஊன்றிக்கொண்டு. அன்று நீ அருளப்பனிடம், நான் செத்த பிறகு அவன் கொள்ளி வைத்தால் என் பிள்ளை என்று ஆகிவிடுமா, மாதா கையை விட்டுவிடுவாளா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது, பங்குச் சாமியாரைக் கேளுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். நீ சாமியாரைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். முப்பது வயதுகூட ஆகாத பையன் அவர். திருச்சபையில் அப்படி ஒரு போதனையே கிடையாது, இதெல்லாம் ஊர் வழக்கம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. இந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்க உனக்கு ஏன் தோன்றவில்லை? பதில் வேறு மாதிரி வந்துவிடும் என்று பயமா?

மாதா பார்த்துக்கொள்வாள் என்று நம்பினாய், சரி. அதை ஒரு கோயில்பிள்ளையிடம் சொல்ல வாய் வந்தது. என்னிடம் ஏன் வரவில்லை? படித்தவன், சிரித்துவிடுவான் என்று நினைத்தாயா? சிரித்திருப்பேன், உண்மைதான். ஆனால் தெரிந்திருக்குமே. நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று, நான் வாழ வேண்டியதையெல்லாம் என்னிடமிருந்து எடுத்துவிட்டாய். தம்பிக்கு ஒரு அப்பன் இருந்தான். எனக்கு ஒரு காவல்காரன்தான் இருந்தான், அவனும் வாசலோடு நின்றுவிட்டான்.

இத்தனை நாள் உன்னை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அதையும் கெடுத்துவிட்டாய்.

சடங்கை முடித்துவிடலாமா என்று அருளப்பன் கேட்டார். நான் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன். மாமா பையை அவிழ்த்து உப்பைக் கொட்டினார். பாதி உப்பு தரையில் சிந்தியது. பிறகு அந்தக் கையை என் முன்னால் நீட்டினார்.

"எழுந்து வாடா. முட்டி வலிக்குது."

நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் கையைப் பிடித்து எழுந்தால் பந்தலில் உட்காரலாம். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்த தெரு, நான் பிண்டம் வைப்பதைப் பார்க்கும். ஆனால் நீ தூண் பக்கத்தில் நின்ற வருஷங்களெல்லாம் அதோடு வீணாகும். எழாவிட்டால் என்னுடைய வருஷங்கள் வீண். யாருடையது வீணாகப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி. இதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. சாவுக்கு நான் பயப்படவில்லை, நைனா. உன் பயத்தைத்தான் என்னால் மிதித்துக்கொண்டு போக முடியவில்லை.

வேண்டாம் மாமா என்றேன்.

"இன்னா வேணாம்?"

"மீக்க வேணாம். தம்பியே உக்காரட்டும்."

அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கைக்கு நானும் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். அது இல்லை மாமா, காரணம் வேறு என்று எவ்வளவோ சொன்னேன். சரிடா, சரிடா என்றாரே தவிர நம்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டே வந்தார். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"ஒங்கப்பன் என்னெ குத்தவாளியாவே வெச்சினு இருந்தான்டா. டீயால புள்ளய வுட்டுட்டேன்னு நெனச்சினு இருந்தேன். இதுக்கு அதுவே மேலு."

இதுவும் உன் கணக்கில்தான் சேர்கிறது. உன் காரணம் தெரிந்துவிட்டது என்பதால் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பயந்த மனிதன் நீ என்று தெரிந்தது, அவ்வளவுதான். பயந்தவர்கள் அடிக்காமலே அடிக்கிறார்கள்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் காரணம் கேட்டான். போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் வருகிற ஒரு மாத இதழில் இப்படி நினைவுக் கடிதங்கள் போடுகிறார்கள். தம்பி படிப்பான், மாமாவுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். என் காரணத்தை அச்சில் பார்த்தாலாவது அவர் நம்பட்டும். ஊரில் மற்றவர்களும் படிக்கட்டும். மீட்காமல் ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிற அப்பன் இன்னும் ஒருவனாவது இந்தப் பக்கத்தில் இருப்பான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திவசத்தன்று வருவேன். தம்பி தர்ப்பை போட்டு உட்காரும்போது தெருவில் நிற்க மாட்டேன், பந்தலுக்குள் வந்து மாமாவின் பக்கத்தில் உட்காருவேன். எல்லோரும் சாப்பிட்டுப் போகும்வரை இருப்பேன். யாராவது காரணம் கேட்டால், இனி பொய் சொல்ல மாட்டேன். மகன் செய்ய வேண்டிய ஒன்றையும் உனக்குச் செய்ய மாட்டேன். நீ கேட்டது அதுதானே? கேட்டபடியே நடக்கும்.

இந்த இடத்தில் உறவைச் சொல்லிப் பெயர் போட வேண்டும். மகன் என்று எழுதினால், நீ இத்தனை வருஷம் வாய் திறக்காமல் காத்ததை நானே ஒரு பேனாவால் அழித்த மாதிரி ஆகும். மகன் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றும் எழுதவில்லை. பெயர் இல்லாத கடிதத்தை அவர்கள் போடுவார்களோ மாட்டார்களோ, உறையை ஒட்டிவிட்டேன். காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.